பம்பாயில் ஏற வேண்டியவள்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எல்லம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பால் கொடுத்து வளர்த்த பிள்ளையை நடுவழியில் கைவிட்டவளாம். இப்போதும் பெரிய பங்களாக்களில் ஆயா வேலைக்குக் கூப்பிட்டால் போகமாட்டாளாம், பாத்திரம் தேய்த்தே காலம் தள்ளுகிறாளாம். ஊர் வாய்க்கு யார் பூட்டுப் போடுவது? நடந்தது இதுதான்.

சுதந்திரம் வந்த வருஷம் எல்லம்மா புருஷனையும் பறிகொடுத்தாள், பிறந்த குழந்தையையும் பறிகொடுத்தாள். மார்பில் பால் கட்டிக்கொண்டிருந்தபோதே ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டிலிருந்து ஆள் வந்தது. அந்த வீட்டம்மாவுக்குப் பால் சுரக்கவில்லை. அப்படித்தான் டிம்மி இவள் மடிக்கு வந்தான். அவனுக்குப் பேச்சு தமிழில் வந்தது. பெற்றவளை மம்மி என்றான், இவளை அம்மா என்றான். துரைசானிக்கு உள்ளுக்குள் சுருக்கென்று இருந்திருக்கும். ஆனால் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

பையனுக்கு நாலு வயதானபோது துரை சீமைக்கே திரும்ப முடிவு செய்தார். எல்லம்மா வராமல் நகரமாட்டேன் என்று பையன் தரையில் விழுந்து புரண்டான். சரி, அவளும் வரட்டும் என்றார்கள். அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தவளுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

பாஸ்போர்ட்தான் தாமதமாயிற்று. துரைக்குக் கொழும்பில் வேலை இருந்தது. ஆகவே அவர்கள் முன்னால் போய், ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிற பயணிகள் கப்பலில் அங்கே ஏறிக்கொள்வதென்றும், கப்பல் பம்பாயில் நிற்கும்போது எல்லம்மா ஏறுவதென்றும் பேச்சு. பட்லர் முனிகிருஷ்ணன் அவர்களுடைய பெட்டி படுக்கைகளோடு அவளையும் ரயிலில் கூட்டிப்போய்ச் சேர்க்க வேண்டும். புறப்படுகிற அன்று கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத பையனிடம் எல்லம்மா சொன்னாள்: "பம்பாய்ல அம்மா வந்து ஏறிக்குவேன், கண்ணு. நீ அழாத போ."

கப்பலேற அம்மை குத்திக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் வந்தாலே எல்லம்மாவை வீட்டில் ஒளித்துவைத்துவிடுவார்கள். அதனால் அவளுக்கு இதுதான் முதல் தடவை. குத்தின இடம் வீங்கிக் கொப்புளித்தது. ரயிலுக்கு முந்தின நாள் உடம்பு அனலாய்க் கொதித்தது, புண்ணைச் சுற்றி இன்னும் நாலைந்து முத்துகள் எழும்பின.

அண்ணி வள்ளியம்மா அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆத்தா வந்து இறங்கிவிட்டாள் என்று நிலையில் வேப்பிலை செருகினாள், அடுப்பில் தாளிப்பதை நிறுத்தினாள். மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை எல்லம்மா வாசற்படி தாண்டக்கூடாது. டாக்டர் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. எந்த வீட்டிலும் இதுதானே வழக்கம்.

மறுநாள் முனிகிருஷ்ணன் வந்தவன், வேப்பிலையைக் கண்டு தெருவிலேயே நின்றுவிட்டான்.

"காய்ச்சல்தானேம்மா, போத்திகினு வா. ரயில்ல படுத்துக்கலாம்" என்றான்.

போக வேண்டும் என்று அவளுக்கு உயிர் துடித்தது. கல்நெஞ்சு என்கிறவர்கள் அவள் சொன்ன பதிலைக் கேட்டிருக்க வேண்டும்.

"நான் வரலண்ணே. என்னைப் பார்த்ததும் புள்ள ஓடியாந்து கட்டிக்கும். அதுக்கும் முத்து போட்டுச்சின்னா என்ன செய்வேன்?"

அவன் பெட்டிகளோடு தனியாக ரயிலேறினான். எல்லம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றின பிறகும் புண் ஆறவில்லை. தர்மாஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்த நர்ஸ் ஜகதாம்பாள் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது அம்மையே இல்லை, முதல் தடவை குத்திக்கொள்கிறவர்களுக்குக் காய்ச்சலும் கொப்புளமும் வரும் என்றாள். பிள்ளைக்கு ஒட்டியிருக்குமா என்று எல்லம்மா கேட்டாள். கையை மூடிக் கட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று நர்ஸ் சொன்னாள். எல்லம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

அங்கிருந்து நேராக முனிகிருஷ்ணன் வீட்டுக்குப் போனாள். பம்பாயிலிருந்து வந்தும் அவள் கண்ணில் படாமல் அவன் ஒதுங்கித் திரிந்தான். பிள்ளை எப்படி இருந்தது என்று கேட்டாள். நல்லா இருந்துச்சி என்று மழுப்பினான். அவள் விடவில்லை.

"காலைலேருந்து கப்பல் படிகிட்டயே நின்னுகினு இருந்துதாம். என்னைப் பார்த்ததும் ஓடியாந்து எனக்குப் பின்னால எட்டிப் பார்த்துச்சி. அம்மா எங்கன்னு கேட்டுச்சி. எனக்கு மனசு கேக்கல எல்லம்மா. அடுத்த ஊர்ல ஏறிக்குவாங்க பாபான்னு சொல்லிட்டேன். சிரிச்சிகினே உள்ள ஓடிடிச்சி."

எல்லம்மா அடுத்த ஊர் எது என்று கேட்டாள். ஏடன் என்றான். அதற்கப்புறம்? சூயஸ், போர்ட் சையத், மால்டா என்று, எதற்குக் கேட்கிறாள் என்று யோசிக்காமல், தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனான்.

"ஒவ்வொரு ஊர்லயும் புள்ள படிகிட்ட வந்து நிக்குமேண்ணே" என்றாள்.