கோபாலசிங்கத்தின் பனி ஓடுபாதை

அரிசி மாவைச் சமையலறை மேசையில் நீளமாகக் கொட்டி, ரொட்டிக் கட்டையால் தட்டையாக்குகிறார் கோபாலசிங்கம். ஓடுபாதை தயார். மூக்குக்கண்ணாடிக் கூடுதான் விமானம். ஒரு தள்ளு. அது மாவில் வழுக்கி மேசை விளிம்பைத் தாண்ட, மனைவி கனகேஸ்வரி திரும்பிக்கூடப் பாராமல் ஒரு கையால் ஏந்திக்கொள்கிறாள்.

“புட்டுக்கு வறுத்த மா. இண்டைக்கு எத்தினை பேர் தப்பினவை?”

“எல்லாரும் தப்பிட்டினம். பிளேன்தான் வயலுக்கை போயிட்டுது.”

பலேர்மோ நகரில், பொலிதேயாமா அரங்கின் பக்கத்து மாடிக் கட்டடங்களின் பளிங்குப் படிகளைக் கழுவுவது அவர் தொழில். ஞாயிறு பின்னேரங்களில் மட்டும் விபத்து விசாரணை அதிகாரி. கனடாவிலோ பின்லாந்திலோ ஒரு விமானம் பனியில் சறுக்கினால், அந்நாட்டு அரசு வெளியிடும் நூற்றைம்பது பக்க அறிக்கையைப் போனில் தமிழாக்கிப் படித்து முடிக்காமல் விடமாட்டார். எந்த அரசும் இதுவரை அவரிடம் கருத்துக் கேட்டதில்லை. அவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

இருபத்தாறு வருடப் பலேர்மோ வாழ்க்கையில் அவர் தொட்ட பனியெல்லாம் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் படிந்ததுதான். ஆனாலும் ஆளை லேசாக எடைபோட முடியாது. ஒரு படியை மிதித்ததுமே சவர்க்காரம் கூடிவிட்டதா, தண்ணீர் காணாதா என்று சொல்லிவிடுவார். “வழுக்கிறதைப் பற்றி எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை,” என்பார்.

அவருடைய விசாரணைக்கு ஒரேயொரு விதி. “யார் பிழை எண்டு கேக்கப்படாது. என்ன நடந்தது எண்டுதான் கேக்கோணும்.” வீட்டில் கோப்பை உடைந்தாலும் இதே விதிதான், உடைத்தது அவராக இருக்கும்வரை.

கடந்த மார்கழியில் விளையாட்டு வினையாயிற்று. ஓஸ்லோவில் இருக்கும் மகள் சாம்பவிக்குத் தைமாதக் கடைசியில் முதல் பிள்ளைப்பேறு. கனகேஸ்வரி பிரசவப் பத்தியத்துக்கு மிளகு சீரகச் சரக்கு இடித்துப் போத்தலில் அடைத்துவிட்டாள். இவரோ டிக்கெட் எடுக்கப் போவதும், ஓஸ்லோ வானிலையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுமாக இருந்தார்.

“மே மாசம் போவம் கனகு. பனி உருகட்டும்.”

“பிள்ளை மே மட்டும் வயித்துக்கை இருக்குமோ?”

மகள் தனியே நோவெடுத்துக் கிடப்பாளே என்பதுதான் கனகேஸ்வரியின் கவலை. அடுத்த ஞாயிறு, அவர் மாவைப் பரப்பிய கையோடு, எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இண்டைக்கு நான் விசாரிக்கிறன். மூண்டு தரம் டிக்கெட் எடுக்கப் போனனீங்கள். மூண்டு தரமும் வெறுங்கையோட வந்தனீங்கள். யார் பிழை எண்டு கேக்கேல்லை. என்ன நடந்தது?”

கோபாலசிங்கம் மூக்குக்கண்ணாடிக் கூட்டை ஓடுபாதையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார். நூற்றைம்பது பக்கம் படிக்கிற மனிதரின் அறிக்கை ஒரே வரியில் முடிந்தது.

“பயமாக் கிடக்கு.”

“எனக்குந்தான். அதுக்காகப் பெத்த பிள்ளையைத் தனிய விடேலுமே?”

மறுநாள் டிக்கெட் வந்தது. ரோமில் மாறி, ஓஸ்லோ. சாம்பவிக்குப் பேறு குறித்த நாளுக்குப் பதினொரு நாள் முந்திய பயணம்.

விமானம் இறங்கும்போது வெளியே வெள்ளையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. சக்கரம் தரையைத் தொட்டு உடம்பெல்லாம் அதிர்ந்தது. எத்தனையாவது மீற்றரில் தொட்டது என்று கவனித்திருக்க வேண்டிய அதிகாரி கண்ணை இறுக மூடிக்கொண்டு, முன்னிருக்கைக்கு அடியில் இரண்டு கால்களையும் நீட்டி, பிரேக்கை அமத்துவதுபோல் தரையை அமத்திக்கொண்டிருந்தார். கனகேஸ்வரி குனிந்து பார்த்தாள். சிரிக்க வாயெடுத்தவள், சிரிக்கவில்லை. தன் கால்களையும் நீட்டி, அவரோடு சேர்ந்து அமத்தினாள்.