இருபத்தைந்தாவது தோட்டா

போன தேர்தலுக்குத் தேதி அறிவித்த இரண்டாவது நாள், காலை பதினோரு மணி இருக்கும். திருவண்ணாமலையில் எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் நடந்தது இது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தேர்தல் முடியும்வரை அதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். முப்பது வருடமாக நான் அதைத் தவறாமல் செய்து வருகிறேன். யாரும் போன் போட்டுக் கூப்பிட வேண்டியதில்லை. ஒரு துணிப்பையில் துப்பாக்கியும் தோட்டாக்களும், சட்டைப்பையில் லைசென்ஸ் புத்தகமுமாகப் போய் நின்றுவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமைதான் அன்றைக்கு என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

உனக்கெல்லாம் துப்பாக்கி எதற்கு என்று கேட்பீர்கள். அடி அண்ணாமலைப் பக்கம் எங்களுக்கு அத்தா காலத்து மரவாடி இருக்கிறது. ஒருமுறை தேக்கு திருட வந்தவர்கள் அத்தாவின் மண்டையை உடைத்துவிட்டுப் போனார்கள். பிழைத்துக்கொண்டார், ஆனால் வலது காது கடைசிவரை கேட்கவில்லை. அதற்குப் பிறகு அலையாய் அலைந்து வாங்கியதுதான் லைசென்ஸும் ரிவால்வரும். இத்தனை வருடத்தில் அதை ஒரு மனிதனை நோக்கிச் சுட்டதில்லை. இடுப்பில் இருக்கிறது என்ற தைரியமே போதுமானதாக இருந்தது.

அந்த ரிவால்வர் நேர்மையான சாமான். நடுவில் முறித்தால் குழல் கீழே சாயும், உருளையில் இருக்கும் ஆறு ஓட்டையும் கண்ணுக்குத் தெரியும். தோட்டா இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் ஓட்டை வழியாக வெளிச்சம் தெரியும். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஏட்டு முன்னால் அதை முறித்துக் காட்டி, மூடி, சுவர்ப் பக்கம் நீட்டி ஒரு தடவை விசையை அழுத்துவேன். டக் என்று சத்தம் வரும். காலி என்பதற்கு நான் போடும் முத்திரை அது.

ஸ்டேஷனில்தான் எங்கள் ஊர் டாக்டர் ஒருவரைப் பார்ப்பேன். அவரும் லைசென்ஸ்காரர், தேர்தல் வந்தால்தான் நாங்கள் சந்தித்துக்கொள்வோம். ஒரு தேர்தலுக்கு அவர் புதிதாகச் சின்ன பிஸ்டல் ஒன்றைக் கொண்டு வந்தார். உடம்பெல்லாம் கறுப்பு பாலிமர், உள்ளங்கைக்குள் அடங்குகிறது. "இன்னா டாக்டர், தீபாவளிக்கு வாங்கினதா?" என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பாய், உங்க மணிக்கட்டு இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும். அப்புறம் நீங்களே என்கிட்ட வருவீங்க" என்றார்.

அப்படித்தான் ஆயிற்று. மணிக்கட்டு வலி வந்தது. ரிவால்வரின் விசையை இழுக்க இரண்டு விரல் தேவைப்பட்டது. இடுப்பில் அதன் கனம் ஸ்கூட்டரில் போகும்போது குத்தியது. டாக்டரின் பிஸ்டலைக் கையில் வாங்கிப் பார்த்த அன்றைக்கே என் வாய் அடைத்துப்போனது. பாதி கனம்கூட இல்லை. கையோடு கை கோத்த மாதிரி உட்கார்ந்தது. இதையா கிண்டல் செய்தோம் என்று வெட்கமாக இருந்தது. ரிவால்வரைக் கடையில் கொடுத்துவிட்டு, பிஸ்டலும் இருபத்தைந்து தோட்டாவும் வாங்கினேன்.

கடைக்காரர் விவரமாகத்தான் சொன்னார். தோட்டாக்கள் கைப்பிடிக்குள் இருக்கும் மேகசினில் இருக்கும். மேலே உள்ள ஸ்லைடை ஒருமுறை பின்னால் இழுத்துவிட்டால் ஒரு தோட்டா குழலுக்குள் ஏறி உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு மேகசினை உருவினாலும் குழலுக்குள் ஏறியது உள்ளேயேதான் இருக்கும். ஸ்லைடை இழுத்து அதையும் வெளியே எடுத்தால்தான் காலி. அவர் சொல்லச் சொல்ல நான் தலையாட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு இவர் பாடம் எடுக்கிறாரே என்ற நினைப்பு.

புது பிஸ்டலின் எண்ணை லைசென்ஸில் ஏற்றுவதற்காக வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். வேலை முடிந்து மரவாடிக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது, தூறலும் பிடித்துக்கொண்டது. கிரிவலப் பாதையில் ஒரு பைக் என் பின்னாலேயே வந்தது. நான் வேகம் எடுத்தால் அதுவும் எடுத்தது. இரண்டு பேர். முகத்தில் துண்டு சுற்றியிருந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவனின் வலது கை சட்டைக்குள் இருந்தது. எனக்கு அத்தாவின் மண்டையில் போட்ட தையல்தான் நினைவுக்கு வந்தது. ஸ்கூட்டரை ஓரம்கட்டி, அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, இடுப்புப்பையில் இருந்த பிஸ்டலின் ஸ்லைடை இழுத்துவிட்டேன். ஒரு தோட்டா குழலுக்குள் ஏறியது. கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு திரும்பினேன்.

பைக் ஓட்டி வந்தவன் துண்டை அவிழ்த்தான். இருவர் சட்டையிலும் பெயிண்ட் கறை. "பாய், ஆபீஸ் கேட்டாண்ட உங்க கவர் விழுந்துச்சு. அப்பவே கூப்பிட்டோம், நீங்க திரும்பியே பாக்கல" என்றான். பின்னால் இருந்தவன் சட்டைக்குள்ளிருந்து கையை எடுத்தான். கையில் என் பிளாஸ்டிக் கவர். உள்ளே லைசென்ஸ் புத்தகம். நனையக் கூடாதென்று மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

நான் இடது கையால் வாங்கினேன். வலது கை இன்னும் பைக்குள்தான் இருந்தது. "சரிப்பா" என்று மட்டும் சொன்னேன். அவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனார்கள். அவ்வளவு தூரம் அவர்கள் வந்தது எனக்காக மட்டும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து மேகசினை உருவினேன். பிஸ்டலை பீரோவில் வைத்துப் பூட்டினேன். காலி என்று நினைத்தேன். ஆறு ஓட்டையைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு மேகசின் கையில் வந்துவிட்டால் வேறு என்ன இருக்கிறது?

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டோம். என் மனைவிக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. ரிவால்வரை முப்பது வருடத்தில் தொட்டதில்லை. அன்றைக்கு நானே பிஸ்டலை எடுத்து அவள் கையில் வைத்தேன், எவ்வளவு லேசு என்று காட்டுவதற்காக. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாங்க இது, நம்ம வீட்டு ஆப்பச்சட்டி கூட இதைவிட ஜாஸ்தி கனம்" என்றாள். பிடித்த வாக்கில் அது என் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"அழுத்திப் பாரு. டக்குனு சத்தம் வரும். காலிதான்" என்றேன்.

அவள் விரல் விசைக்குப் பக்கத்தில் போய் நின்றது. பிறகு எடுத்துவிட்டாள். "வேணாங்க. காலியா இருந்தாலும் மனுஷன் மேல நீட்டி அழுத்தறதா? எனக்கு மனசு வரல" என்று என் கையிலேயே திருப்பி வைத்தாள். பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தேன். நானே அழுத்திக் காட்டியிருப்பேன். அதற்குள் லாரி வந்து நிற்கிறது என்று மரவாடியிலிருந்து போன் வந்தது. பூட்டி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் தேர்தல் அறிவிப்பு. ஸ்டேஷனில் அன்றைக்குப் பொறுப்பில் இருந்தவர் ஒரு பெண் ஏட்டு. நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். மேசையில் தோட்டாக்களைக் கொட்டி ஐந்தைந்தாக அடுக்கினார். இன்னொரு தடவை அடுக்கினார்.

"இருபத்தி நாலுதான் இருக்குது பாய். புக்குல இருபத்தஞ்சு. ஒண்ணு கம்மியா இருக்குதே?"

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடத்தில் என்னிடம் யாரும் கணக்கு கேட்டதில்லை. "கடைக்காரர் கம்மியா போட்டிருப்பார் மேடம். நான் எண்ணி வாங்கல" என்றேன். அவர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் எரிச்சலைக் கொடுத்தது. "சந்தேகம்னா இதோ பாருங்க, துப்பாக்கி காலி" என்று பிஸ்டலை எடுத்து, பழைய பழக்கத்தில் ஜன்னல் பக்கம் நீட்டி, விசையில் விரலை வைத்தேன்.

அவர் கத்தவில்லை. மேசைக்கு மேலே எட்டி என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு பக்கமாக அழுத்தினார். வலிக்கிற மணிக்கட்டு. "விரலை வெளிய எடுங்க பாய்" என்றார். எடுத்தேன். "ஸ்லைடை இழுத்துப் பாத்தீங்களா?"

"மேகசினைத்தான் உருவிட்டேனே."

"நான் அதைக் கேக்கல பாய்."

மூலையில் தீயணைக்க வைத்திருக்கும் சிவப்பு மணல் வாளி இருந்தது. கையைப் பிடித்தபடியே என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். குழலை மணலைப் பார்த்து வைக்கச் சொன்னார். ஸ்லைடை இழுத்தேன். மஞ்சளாக ஒன்று துள்ளி வந்து வாளி விளிம்பில் பட்டு மணலில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார். ஊதி மணலைத் துடைத்தார். மேசையில் மற்றவற்றோடு கொண்டுபோய் வைத்தார்.

"இருபத்தஞ்சு" என்றார்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். அதற்கு வெளியே பெஞ்சில், கையில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தன் மனுவைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் கம்பிக்கு நேராக அவள் தலை. உள்ளே என்ன நடந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

ஏட்டு என்னைத் திட்டியிருக்கலாம். மேலே எழுதி அனுப்பியிருக்கலாம். உட்காரச் சொல்லி ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தார். "எங்க கூட வேலை செஞ்சவர் ஒருத்தர் இப்படித்தான் தொடையில சுட்டுக்கிட்டார். ரிவால்வர் கண்ணுக்குத் தெரியும் பாய். இதுல நீங்கதான் இழுத்துப் பாக்கணும்" என்றார். பிறகு ரசீது எழுத ஆரம்பித்தார். என் கையெழுத்து கோணலாகப் போயிற்று. அதையும் அவர் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

வெளியே வந்து ஸ்கூட்டர் சாவியைப் போட்டபோதுதான் அந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. அழுத்திப் பாரு, காலிதான் என்று என் வாயால் சொன்னது. விசைக்குப் பக்கத்தில் போய் நின்ற அவள் விரல். நான் செத்திருப்பேன் என்பதுகூட அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அவள் எப்படி இருந்திருப்பாள்? ஒரு கொசுவை அடிக்கக்கூட யோசிக்கிறவள். அவள் கையால், என் வார்த்தையை நம்பி.  அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

வீட்டில் எதையும் மறைக்காமல் சொன்னேன். கலெக்டர் ஆபீசிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன்.  அவள் தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்து போய்க் கை கால் முகம் கழுவி உளூச் செய்து தொழுதாள். தொழுது முடித்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்த ரெண்டு பேரையும் ஒரு டீ குடிச்சிட்டுப் போங்கனாவது சொன்னீங்களா?" என்று கேட்டாள்.



தேர்தல் முடிந்து பிஸ்டலைத் திரும்ப வாங்கி வந்தேன். அது இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. அதன் மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல சாமான், குறை அதில் இல்லை. எடுக்கும்போதும் வைக்கும்போதும் ஸ்லைடை இழுத்துப் பிடித்து, உள்ளே சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்க்கிறேன். காலி என்று யாரிடமும் சொல்வதில்லை. கிரிவலப் பாதையில் பெயிண்ட் கறைச் சட்டையோடு யார் போனாலும் வேகத்தைக் குறைத்து முகத்தைப் பார்க்கிறேன். அந்த இருவரை இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. என் மனைவியின் கை வரைக்கும், முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் தலைக்கு நேர் வரைக்கும் நான் கொண்டுபோன அந்த ஒரு தோட்டா, எந்தத் திருடனுக்காகவும் ஏற்றியதல்ல, நனையாமல் மார்போடு அணைத்து என் பொருளைக் கொண்டுவந்து கொடுத்தவனுக்காக ஏற்றியது என்பதை நினைக்காமல் இன்றுவரை என்னால் அந்த பீரோவைத் திறக்க முடிவதில்லை.