இரண்டு திரையில் இரண்டு வேகம்

அவளுக்கு மெலிந்த குரல். விமானப் பயிற்சிப் பள்ளியில் 'பூனை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டில் லாரி ஓட்டுநரான அப்பாவின் சத்தத்துக்கு மேல் யாரும் பேசிப் பழகியதில்லை.

துணை விமானியாக வேலையில் சேர்ந்த புதிதில் அப்பா கேட்டார்: "விமானத்துல வேகம் காட்ட முள்ளே இல்லையாமே, எப்படிம்மா பாக்குறே?"

சாப்பாட்டு மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். "திரையோட இடது ஓரத்துல ஒரு பட்டைப்பா. எண்ணெல்லாம் அதுல மேலயும் கீழயும் ஓடும். நடுக்கட்டத்துல நிக்கிறதுதான் இப்போதைய வேகம். பக்கத்துல ஒரு அம்பு நீளும், வேகம் அடுத்து எங்க போகும்னு சொல்லும். மேல சிவப்பு, கீழ சிவப்பு. நடுவுல இருந்தா பொழைச்சோம்."

"கீழ சிவப்புக்குப் போனா?"

"இறக்கை தாங்காது. கல்லு மாதிரி விழும்."

அப்பா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

சில மாதம் கழித்து ஒரு நாள், மேகத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தார்கள். விமானத்தை ஓட்டியவர் கேப்டன். அனுபவசாலி, யாரிடமும் முகம் சுளிக்காதவர். விமானத்தின் மூக்கருகே காற்றின் அழுத்தத்தை வாங்கி வேகம் சொல்லும் குழாய்கள் இருக்கும். கேப்டன் பக்கத்துக் குழாயைச் சூடாக்கும் கருவி செத்துப்போயிருந்தது. அது யாருக்கும் தெரியவில்லை. பனி உறைந்து குழாய் அடைத்துக்கொண்டது.

அடைபட்ட குழாய், விமானம் மேலே ஏற ஏற வேகத்தைப் பொய்யாகக் கூட்டிக் காட்டியது; கேப்டனின் பட்டையில் எண்கள் கிடுகிடுவென ஏறி மேல் சிவப்பை நெருங்கின.

"என்ன இது, வேகம் கண்டபடி ஏறுது!" என்று இஞ்சின் விசையைக் குறைத்து மூக்கைத் தூக்கினார்.

அவள் பட்டையில் அம்பு கீழ்நோக்கி நீண்டது. "சார், என் பக்கம் குறையுது."

"உன் பக்கம் கெட்டுப்போயிருக்கும்."

இரண்டு வேகமும் ஒத்துப்போகவில்லை என்று திரையில் மஞ்சள் எழுத்து வந்தது. எது பொய் என்று அது சொல்லவில்லை. இருவருக்கும் நடுவில், தனிக் குழாயிலிருந்து வேகம் காட்டும் சிறிய மாற்றுக்கருவியைப் பார்த்தாள்.

"சார், நடுவுல உள்ளதும் என்னுதும் ஒண்ணாத்தான் இருக்கு. மூக்கை இறக்குங்க சார்."

"இரும்மா, யோசிக்க விடு."

அவள் இருந்தாள். கை விமானத்தை ஏற்றி இறக்கும் பிடியின் மேலேயே இருந்தது, தள்ளவில்லை. வேகம் போதாது என்று எச்சரித்து, பிடி தடதடவென நடுங்கத் தொடங்கியது. அதே நேரம் வேகம் மிஞ்சிவிட்டதாக இன்னொரு எச்சரிக்கை அலறியது. கேப்டனின் முகம் வெளுத்துவிட்டது.

"என்கிட்ட விடுங்க!" என்று கத்திப் பிடியை முன்னால் தள்ளினாள். அதற்குள் விமானம் ஒருபக்கமாகச் சரிந்து விழ ஆரம்பித்திருந்தது. விழுந்து, தடுமாறி, வேகம் பிடித்து நிமிர்ந்தது.

பயணிகள் பெல்ட் போட்டிருந்ததால் பிழைத்தார்கள். தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்த பணிப்பெண் கூரையில் மோதி, வண்டியோடு கீழே விழுந்தாள். தரையிறங்குமுன் உயிர் போய்விட்டது.

தாழ இறங்கியதும் பனி உருகியது. இரண்டு திரைகளும் ஒரே எண்ணைக் காட்டின. கேப்டன் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பறக்கவில்லை.

விசாரணையில் அவளைப் பாராட்டினார்கள். அவள் தனியாகப் பணிப்பெண்ணின் அம்மாவைப் பார்க்கப் போனாள். குறுகலான அடுக்குமாடி வீடு. வாசல் அலமாரியில் பாலிஷ் போட்ட கறுப்புச் செருப்பு ஒரு ஜோடி அப்படியே இருந்தது.

"உள்ள வா," என்றாள் அந்த அம்மா. உட்காரச் சொல்லவில்லை. "தப்பா இருக்குன்னு உனக்கு முன்னாடியே தெரியுமாமே?"

"தெரியும்மா. ரெண்டு தடவை சொன்னேன்."

"கேக்கலைன்னா பிடுங்க வேண்டியதுதானே?"

அப்போது யார் ஓட்டினார்கள், யார் பெரியவர், விதி என்ன சொல்கிறது என்பதெல்லாம் அவள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"பிடுங்கியிருக்கணும்மா. தாமதிச்சுட்டேன்."

"எல்லாரையும் நீதான் காப்பாத்தினேன்னு ஊரே சொல்லுது," என்றாள் அந்த அம்மா. "என் வீட்டுல யாரைக் காப்பாத்தினே?"

அவளுக்கு 'போயிட்டு வரேன்' என்று சொல்ல வாய் வரவில்லை, "கிளம்புறேம்மா" என்றாள். படியிறங்கும்போது பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

சில வாரங்களில் மறுபடி வேலைக்குப் போனாள். பக்கத்து இருக்கையில் புது கேப்டன். மேகத்துக்குள் நுழைந்ததும், அவர் கேட்பதற்கு முன்னாலேயே தன் திரையில் இருந்த வேகத்தை உரக்கப் படித்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். அவள் மறுபடியும் படித்தாள்.