குளத்துல ஒட்சிசன் குறையிற மாசம்

ஒருத்தனப் பழிவாங்கணும் எண்ட நிய்யத்தோட நான் ஒழுங்காப் படிச்ச ஒரே பாடம் சொஃப்ட் கம்பியூட்டிங்தான். மத்தப் பாடமெல்லாம் பாஸாகணும் எண்டு படிச்சன், அதால ஒண்டும் மண்டைல ஏறல்ல.

வயசு ஐம்பதக் கிட்டுது. கற்பிட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல கம்பியூட்டர் படிப்பிக்கிறன். சனி ஞாயிறுல பஸ் ஏறி கொழும்புக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போவன். போற வழியில நித்திரை, வகுப்புல நித்திரை, வாற வழியில மட்டும் முழிப்பு.

இந்தப் பாடத்துல மட்டும் நித்திரை வரல்ல. ஓம், இல்ல எண்டு ரெண்டா வெட்டாம, 'கொஞ்சம்', 'ஓரளவு', 'கிட்டத்தட்ட' எண்டு கம்பியூட்டரக் கணக்குப் பார்க்க வைக்கிற வேலை இது. அதுக்குப் பேரு ஃபஸி லொஜிக். படிப்பிக்கிற மெடம் விளங்கப்படுத்தினப்ப எனக்குப் புதுசா ஒண்டும் தெரியல்ல. 'இந்தா வெளிக்கிட்டுட்டன்' எண்டு நான் போன்ல சொன்னா அதுல எவ்வளவு உண்மை எண்டு என்ட பொஞ்சாதி எந்தக் கம்பியூட்டரும் இல்லாமச் சரியாச் சொல்லுவா.

ஆய்வுக்கு ரெண்டு ரெண்டு பேராச் சேரச் சொன்னாங்க. எனக்கு வாய்ச்சது ஒரு கொழும்புப் பொடியன். நம்மட ஆள்தான், ஜும்ஆவுக்கு முன் வரிசைல நிக்கிற பிள்ளை. கெட்டிக்காரன். என்னய 'அங்கிள்' எண்டுதான் கூப்பிடுவான்.

என்ட மச்சான், பொஞ்சாதிட கூடப்பிறந்த நானா, கடல் தண்ணி வந்து போற களப்போரமா இறால் வளர்க்கிறார். அவர்ட்ட வேலை செய்ற பொடியனுகள் தினமும் காலைல குளத்துக்குள்ள மீட்டரப் போட்டு, தண்ணில ஒட்சிசன் எவ்வளவு எண்டு போன் குரூப்புல அனுப்புவானுகள். அந்த மூணு வருஷ இலக்கத்தையும் நான் ஒத்த விரலால குத்திக் குத்திக் கம்பியூட்டர்ல ஏத்தினன். "நேரத்தையும் போடவா தம்பி?" எண்டு கேட்டன்.

"தேவல்ல அங்கிள். காலை எண்டாக் காலைதானே. சும்மா கஷ்டப்படாதீங்க."

பிறகு ஆளுக்கு ஒரு ஆய்வாப் பிரிச்சிக்கிட்டம். அவன் நியூரல் நெட்வேர்க், அதாவது பழைய இலக்கத்தப் பார்த்துத் தானாப் பழகிக்கிற மாதிரி. நான் ஃபஸி, எந்த நேரம் தண்ணியக் கிளறுற சக்கரத்தப் போடணும் எண்டு சொல்ற மாதிரி. ரெண்டுக்கும் அதே குளம், அதே இலக்கம்.

முதல் விளக்கவுரை அண்டைக்கு அவன் எழும்பி நிண்டு, "நான் திரட்டின தரவு" எண்டான். நான் பின் வரிசைல நிமிர்ந்து இருந்தன். கடைசித் திரைல நன்றி சொல்றப்ப என்ட பேரும் வந்திச்சு. 'போக்குவரத்து உதவி' எண்டு. ஒரே ஒரு தரம் என்ட மோட்டார் சைக்கிள்ல ஏத்திக் கொண்டுபோய் அவனுக்குக் குளத்தக் காட்டியிருந்தன், அதுக்கு.

மெடமும் கை தட்டினா. நானும் தட்டினன். கை மட்டும்தான் தட்டிச்சு.

அதுக்கு மேல அவன்ட நெட்வேர்க் ஒரு அதிசயத்தக் கண்டுபிடிச்சிருந்திச்சு. வருஷத்துல ஒரு மாசம் குளத்துல ஒட்சிசன் திடீரெண்டு விழுது. முதல் வருஷம் மார்ச் கடைசில தொடங்கினது, அடுத்த வருஷம் மார்ச் நடுவுல, பிறகு மார்ச் தொடக்கத்துல. "சந்திரனுக்கும் களப்புத் தண்ணிக்கும் இதுவரைக்கும் யாரும் காணாத ஒரு தொடர்பு" எண்டான். மெடம் அத வெளிநாட்டு மாநாட்டுக்கு அனுப்பணும் எண்டா.

அண்டைல இருந்து நான் படிச்ச படிப்பு கொஞ்ச நஞ்சமில்ல. அவன்ட வரைபடத்தக் குசினிச் சுவர்ல ஒட்டி வச்சி, தேத்தண்ணி குடிக்கக்குள்ள எல்லாம் முறைச்சிப் பார்த்தன். ஒரு பிழையும் பிடிபடல்ல. கடைசில மச்சானுக்குப் போன் எடுத்தன்.

"மச்சான், மார்ச் தொடக்கத்துல குளத்துல என்ன செஞ்ச நீங்க?"

"என்ன செய்ற? நோன்பு பிடிச்ச."

"குளத்துல மச்சான், குளத்துல!"

"பொடியனுகள் விடிய முந்திச் சஹர் சாப்பிட்ட கையோட இருட்டுக்குள்ளயே மீட்டரப் போட்டுட்டு, சுபஹ் தொழுதுட்டுப் படுத்திருவானுகள். மத்த மாசம் எண்டா வெயில் ஏறினாத்தான் அந்தப் பக்கம் போறானுகள். ஏன், இறாலுக்கு ஏதும் வருத்தமா?"

இறாலுக்கு ஒரு வருத்தமும் இல்ல. விடியக்கு முந்தி எந்தக் குளத்துலயும் ஒட்சிசன் குறைவு, வெயில் பட்டாத்தான் கூடும். நோன்பு மாசம் இருட்டுல அளந்தா இலக்கம் விழாம என்ன செய்யும்? நோன்பு பிறைக் கணக்கு, வருஷா வருஷம் பத்துப் பதினொரு நாள் முந்திக்கிட்டுத்தானே வரும். அவன்ட நெட்வேர்க் கண்டுபிடிச்சது சந்திரன் எண்டது உண்மைதான். தண்ணில இருந்த சந்திரன் இல்ல, பொடியனுகள்ட சாப்பாட்டுல இருந்த சந்திரன்.

நான் சிரிச்ச சிரிப்புல பொஞ்சாதி ஓடி வந்தா. பிறகுதான் சிரிப்பு அடங்கிச்சு. என்ட ஆய்வும் அதே இலக்கத்துல நிக்குது. 'அந்த மாசம் சக்கரத்தக் கூடப் போடு' எண்டு நானும் ஒரு விதி எழுதி, அதுல பெருமப்பட்டுக்கிட்டு இருந்தன். அவனச் சாச்சா நானும் சாயணும். வாய மூடிக்கிட்டு இருந்தா ரெண்டு பேருக்கும் பட்டம்.

மச்சான் நியாயம் சொன்னார். "விடுங்க மச்சான். ரெண்டு வருஷம் பஸ்ல முதுகு முறிஞ்சது உங்களுக்கு. அவனுக்கா முறிஞ்ச?"

விட்டுருவம் எண்டுதான் பஸ் ஏறினன். மதுரங்குளி டவுன் வரக்குள்ள அவனக் கேட்கப் போற கேள்விய வாய்க்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டு இருந்தன். பக்கத்துச் சீட்டு ஆள் நான் ஓதுறன் எண்டு நினைச்சி ஒதுங்கி இடம் தந்தார்.

இறுதி விளக்கவுரை. முதல்ல அவன், அடுத்தது நான். வெளியில இருந்து வந்த பரீட்சகர், நரைச்ச தலை, அவன்ட வரைபடத்தப் பார்த்து "அருமை, அருமை" எண்டார். போக்குவரத்து உதவி கைய உயர்த்திச்சு.

"தம்பி, ஒரு சின்னக் கேள்வி. இனி வாற வருஷம் இந்த ஒட்சிசன் எப்ப விழும்?"

"பெப்ரவரி நடுவுல, அங்கிள்." சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்னான். "மொடல் துல்லியமாச் சொல்லுது."

"நல்லம். அதே கிழமைல வேற என்ன தொடங்குது?"

அவன் மேல பார்த்தான். விரல் மடிச்சான். அந்த மூஞ்சி மாறினத நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டன். எவ்வளவு அழகு.

"நோன்பு" எண்டான், வாய்க்குள்ள.

"என்னது?" எண்டார் பரீட்சகர். நான் எழும்பி நிண்டு, சஹர், மீட்டர், நித்திரை எல்லாத்தையும் விளங்கப்படுத்தினன். மெடம் கண்ணாடியக் கழட்டித் துடைச்சா. பரீட்சகர் என்ட ஆய்வுப் புத்தகத்தப் புரட்டினார். பிறகு என்னயப் பார்த்தார்.

"உங்கட ஆய்வும் இதே அளவீடுதானே?"

"ஓம் சேர்."

"அப்ப?"

"அதுவும் போச்சு சேர்."

பொடியன் திரும்பி என்னயப் பார்த்தான். "அங்கிள், இது தெரிஞ்சா கேட்டீங்க?"

"தெரிஞ்சுதான் தம்பி."

ரெண்டு பேரும் ஒரு வருஷம் ஒரே நேரத்துல அளந்து, திரும்ப எழுதிக் கொண்டு வரச் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து சேர்ந்தப்ப பொஞ்சாதி சோத்தப் போட்டுட்டு முன்னால கதிரைய இழுத்துக்கிட்டு இருந்தா.

"அவன் பெயிலா?"

"ஓம்."

"நீங்க?"

"நானும்தான்."

"பிறகென்னத்துக்கு இந்தச் சிரிப்பு?"

மீன் குழம்புல இன்னும் ரெண்டு துண்டு போடச் சொன்னன். மாசக் கணக்கா இல்லாத பசி அது.