மொரப்பூர் மேம்பாலத்தில் ஒரு முழங்கால் பரிசோதனை

எண்பதுகளின் கடைசியில் நான் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். செயற்கை முழங்கால் மூட்டு வைத்துக்கொண்டவர்கள் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று எங்கள் பெரிய டாக்டர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். திரும்ப வராத நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் படிவம் நிரப்பி வருவது என் வேலை.

படிவம் வெளிநாட்டிலிருந்து வந்தது. வலி உண்டா, எவ்வளவு தூரம் நடப்பீர்கள், மாடிப்படி ஏறி இறங்க முடிகிறதா என்று கேட்கும். மாடி இருக்கிறதா என்று கேட்காது.

மொரப்பூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓர் அம்மாளைப் பார்க்கப் போனேன். விவசாயக் குடும்பம், அறுபது வயதிருக்கும். நாற்காலியைத் துடைத்துப் போட்டுக் காபி கொடுத்தார்.

"கால்ல வலி இருக்குங்களாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார். டாக்டரு புண்ணியத்துல நல்லா இருக்கறனுங்க."

'வலி இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அடுத்தது மாடிப்படி. ஊரில் மாடி வீடே கிடையாது. நானோ லேசில் விடுகிற ஆள் இல்லை. பஸ் ஏற்றி, மொரப்பூர் ரயில் நிலையத்து நடைமேம்பாலத்துக்கு அழைத்துப் போனேன்.

கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறினார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. மேலே போனதும் நின்றுவிட்டார்.

"எறங்கலாங்களாம்மா?"

"கொஞ்சம் இருங்க சார். ரயிலு பாக்கறன்."

ஒரு சரக்கு ரயில் போனது. ஒரு பாசஞ்சர் வந்து, நின்று, அதுவும் போனது. தண்டவாளம் காலியான பிறகும் அவர் ரயில் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் மேல் இவருக்கு இவ்வளவு ஆசையா என்று நானும் பக்கத்தில் நின்றேன். படித்தவனுக்குப் புரிய நேரமாகும். கைப்பிடியை அவர் இன்னும் விடவே இல்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

"எறங்கறப்பதான் உசுரு போவுதுங்க" என்றார். "ஆறு மாசமா வரப்பு எறங்கறப்பவும் இப்படித்தான்."

"வூட்லயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"வூடு தேடி வந்தவங்ககிட்ட அதச் சொல்லுவாங்களா? பாவம், டாக்டரு அவ்வளவு பாடுபட்டுச் செஞ்சாரு. கேட்டா அவரு மனசு சங்கடப்படுமில்லீங்க?"

மூட்டு தளர்ந்திருக்கலாம், சொன்னால்தான் வைத்தியம் பார்க்க முடியும், விட்டால் நடையே நின்றுபோகும் என்றேன். யோசித்தார்.

"அப்படின்னா எழுதிக்குங்க. ஆனா நானா சொல்லலைன்னு சேத்து எழுதுங்க."

அப்படியே எழுதினேன். பிறகு ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இருவரும் கீழே வந்தோம்.

அதுவரை நிரப்பிய படிவங்கள் என் பையில்தான் இருந்தன. பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒருவருக்கும் வலி இல்லை. எல்லாம் என் கையெழுத்து. வெட்கமாக இருந்தது. அத்தனை வீட்டிலும் எனக்குக் காபி கொடுத்திருந்தார்கள்.