கேத வீட்டில் என் மேடைப் பேச்சு

பரளச்சியில் இருக்கும் என் கூட்டாளியின் பெண்டாட்டி திடீரென்று இறந்துபோனாள். நான் வெளியூரில் இருந்ததால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. அவனுடைய அண்ணன்தான் போன் செய்தார். "இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலப்பா. கல்லு மாதிரி உக்காந்திருக்கான். நீ வந்தா அழுதுருவான்."

நான் மதுரையில் கல்லூரி வாத்தியார். பட்டிமன்றம், பாராட்டு விழா என்று மைக்கைக் கண்டால் விடமாட்டேன். ஆனால் அவனோடு சின்ன வயதிலிருந்தே 'ஏலே'தான்.

எங்கள் பக்கம் கேதம் கேட்கப் போகிறவன் எதுவும் பேச வேண்டியதில்லை. இரண்டு கையையும் நீட்டினால் போதும், துக்கக்காரர் தொடுவார். பிறகு பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்ளலாம்.

பந்தலில் அவனுடைய சம்பந்தி வீட்டார் இருந்தார்கள், அருப்புக்கோட்டையில் கடை வைத்திருப்பவர்கள். ஒருவர் என்னை அடையாளம் கண்டு எழுந்து கும்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கள் துணைவியாரின் மறைவு ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்றேன். குரலை இறக்கி, நிறுத்தி நிதானமாக வேறு சொன்னேன். த்தூ. அவளை மதினி என்று கூப்பிட்டு, இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொல்லித் தின்ற வாய்தான் இது.

என்னைப் பார்த்ததும் கலங்க ஆரம்பித்திருந்த அவன் கண் அப்படியே காய்ந்துவிட்டது. சபையில் யாரோ பெரிய மனுஷன் பேசுகிறான், தானும் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, தோளில் கிடந்த துண்டை இறக்கினான்.

"வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க" என்றான்.

அந்தத் துண்டாலேயே ஒரு பிளாஸ்டிக் சேரைத் துடைத்து எனக்குப் போட்டுவிட்டு, அவன் தரையில் உட்கார்ந்தான். நானும் கீழே இறங்கி, ஏலே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சம்பந்திகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கங்கெட்டவன், சேரிலேயே இருந்தேன்.

கேத வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சும்மா எழுந்தேன். டவுனுக்குப் போயிருந்த அண்ணன் அப்போதுதான் வந்து வண்டியை நிறுத்தினார். கூட்டாளி அவரைக் கூப்பிட்டு, "அண்ணே, சாரை பஸ்ஸு ஏத்தி விட்டுட்டு வாங்க" என்றான். அவன் என்னை சார் என்றது அன்றைக்குத்தான்.

பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டு அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்.

"அழுதானாய்யா?"

"இல்லண்ணே."