இருமல் மருந்துக்கு ப்ளவுஸ் பிட் கொடுத்த ஜமால்

காலையில் அலுவலகத் தொலைபேசி ஒலித்தால், எங்கோ ஒரு கடையில் பில் வரவில்லை என்று பொருள். அன்றும் அப்படி நினைத்துத்தான் எடுத்தேன். பேசியவர் ஜமாலின் தம்பி. "அண்ணன் விடியக்காலைல மௌத்தாயிட்டாருங்க. நெஞ்சுவலி" என்றார்.

தி. நகரில் ஒரு மாடி அறையில், கடைகளுக்கு பில் போடும் ப்ரோக்ராம் தயாரித்து வந்தோம். நான் விற்பேன். எழுதுபவரும் ஜமால்தான், புகார் கேட்பவரும் அவர்தான். இல்லை என்று சொல்ல அவருக்கு வராது. யார் எதைக் கேட்டாலும் சேர்த்துவிடுவார். எல்லாக் கடைகளுக்கும் ஒரே ப்ரோக்ராம் என்பதுதான் சிக்கல்.

பாண்டி பஜார் புடவைக்கடை முதலாளி, புடவைக்கு பில் போடும்போது ப்ளவுஸ் பிட் உண்டா என்று கம்ப்யூட்டரே கேட்கவேண்டும் என்றார். ஜமால் சேர்த்தார். புதிய ஃப்ளாப்பி எல்லாக் கடைகளுக்கும் போயிற்று. ஆழ்வார்பேட்டை மருந்துக்கடையில் இருமல் மருந்துக்கு பில் போட்டபோது, "ப்ளவுஸ் பிட் உண்டா?" என்றது திரை. பதில் சொல்லாமல் நகராது. கடைக்காரர் அவசரத்தில் 'உண்டு' என்று தட்டிவிட்டார். பில்லிலும் அச்சாகிவிட்டது.

மருந்து வாங்க வந்த மாமி நகர மறுத்தார். கடைக்காரர் போன் போட, நானும் ஜமாலும் ஸ்கூட்டரில் ஓடினோம்.

"பில்லுல போட்டிருக்கேளே. பிட்டைக் குடுங்கோ, நான் ஆத்துக்குப் போகணும்" என்றார் மாமி.

"தப்பு என்னுது மாமி. இன்னா கலர் வேணும்?" என்றார் ஜமால்.

மாமி யோசித்து, "மாம்பழக் கலர்" என்றார்.

ஜமால் பக்கத்துக் கடையில் வாங்கிவந்து கொடுத்தார். மாமி மகிழ்ச்சியில் மருந்தை மறந்துவிட்டுப் போனார். ஜமால் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

திரும்பும்போது சொன்னார்: "பிட் வாங்கிக் குடுத்தேனே, அது கஸ்டமர் சர்வீஸ். அதுல நம்மள அடிச்சிக்க ஆளில்ல. ஆனா அந்தக் கேள்வி மருந்துக் கடைக்கே போயிருக்கக் கூடாது. அத யோசிக்கிறது வேற வேலைப்பா. அத இத்தினி நாளா நம்மள்ல யாருமே செய்யல."

சில நாளில் அதே புடவைக்கடை முதலாளி மாடியேறி வந்தார். ராகு காலத்தில் கம்ப்யூட்டர் பில் போடக்கூடாதாம். முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பாராம். எங்களுக்கு வாய்த்த பெரிய கடை அது ஒன்றுதான்.

ஜமால் முதல்முறையாக, "எதுக்கு மொதலாளி?" என்று கேட்டார்.

"சனிக்கிழமை ஒம்பதரைக்குக் கடை தொறக்கிறோம். ராகு காலத்துல போணியாவுது. மனசு கேக்கல."

"அப்ப ஒம்பதுக்கு முன்னாடியே வந்து, நீங்களே ஒரு கர்ச்சீப் வாங்கிப் போணி பண்ணிடுங்க. ப்ரோக்ராம்ல கை வைக்க வேணாம்."

கடை போயிற்று என்று நான் முடிவு செய்துவிட்டேன். முதலாளியோ, "கர்ச்சீப்புக்கு பில் போடணுமா?" என்றார்.

அதன்பின் ஜமால் காரணம் கேட்காமல் ஒரு வரி எழுதியதில்லை. ஆனாலும் பழைய சுபாவம் முழுதும் போகவில்லை. தான் முடியாது என்று சொல்லிவிட்ட கடைக்கு மாலையில் சமோசாவோடு போய்விடுவார்.

அடக்கத்துக்குக் கடைக்காரர்கள் பலர் ஷட்டரை இறக்கிவிட்டு வந்திருந்தார்கள். ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். கே.கே. நகர் பாத்திரக்கடைக்காரர் மண் ஒட்டிய கையோடு என்னிடம் வந்தார்.

"நாளைக்கு பிரிண்டர் நின்னுபோச்சின்னா யாருக்கு சார் போன் போடுறது?"

"எனக்குப் போடுங்க."

"உங்களுக்கு அதெல்லாம் தெரியாதே."

"தெரியாது. ஆனா வரேன்" என்றேன்.

நிம்மதியாகப் போய் வாருங்கள், ஜமால்.